ஊர் வீட்டில் நிற்கும் கார்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

கானாடுகாத்தான் பேரன் (சென்னை)

2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். ஐயா வாங்கியது, டி.என் 63 பதிவு. கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டு ஷெட்டில் நிற்கிறது. அறுபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பொங்கல், கோயில் காரியம், பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று நாங்கள் ஊருக்குப் போகும்போது வெளியே வரும். மற்ற நாளில் அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆக்டிங் டிரைவர் எப்போதாவது எடுப்பார்.

ஓடாத வண்டிக்குச் செலவே இருக்காது என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கோ ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் ஒரு புது வேலை காத்திருக்கிறது. பேட்டரி படுத்திருக்கும். இல்லாவிட்டால் பின் சக்கரம் இறுகி வண்டி நகராது. போன தடவை எலி ஒயரைக் கடித்துவிட்டது. டயரில் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் வெடிப்பு. சென்னையில் நான் தினமும் ஓட்டும் கார் இதைவிட மூன்று மடங்கு ஓடியிருக்கிறது, இதில் கால்வாசி தொல்லைகூடத் தந்ததில்லை.

இப்படி நிற்கும் வண்டியை எப்படிப் பராமரிக்கிறீர்கள்? இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று ஒரு புரோக்கர் வேறு பயமுறுத்துகிறார்.

பட்டறைக்காரன் (காரைக்குடி)

அண்ணே, பத்து வருடக் கதை டெல்லி வட்டாரத்துக்கு. அங்கேதான் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் உங்கள் ஆர்.சி பதினைந்து வருடத்துக்குச் செல்லும், அப்புறம் எஃப்.சி, அதாவது தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். புரோக்கர் அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

வண்டி விஷயம். தை பிறக்கும் முன்னால் ஒரு வாரம் எனக்கு வருகிற போன் எல்லாம் இந்த ரகம்தான். பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், எங்கே பார்த்தாலும் ஷெட்டில் ஒரு வண்டி, ஸ்டார்ட் ஆகாமல்.

கடைசியாக ஆயில் எப்போது மாற்றினீர்கள்? கிலோமீட்டர் ஆகவில்லை என்று விட்டிருப்பீர்கள். கம்பெனி புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஊர் வண்டிக்கு எப்போதும் முதலில் வருவது வருடம்தான். மீட்டரைப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள்.

உங்கள் 1.3 டீசல் இன்ஜின் நல்ல சரக்கு. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆனால் அந்தச் செயினும் டர்போவும் ஆயிலை நம்பித்தான் ஓடுகின்றன. பழைய ஆயிலோடு ஒரு வருடம் நிறுத்திவைத்து, வந்த அன்றே ராமேஸ்வரத்துக்கு மிதித்து ஓட்டினால் டர்போ என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

கோட்டையூர் ஆச்சி

நான் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் வீட்டு வாட்ச்மேன் தினமும் காலையில் ஐந்து நிமிஷம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு அணைப்பார். பல வருடமாக இப்படித்தான். பேட்டரி மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போகிறது, மற்றபடி குறை இல்லை.

சிக்ரி ஓய்வு (காரைக்குடி)

ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஐந்து நிமிஷம்தான் பேட்டரியைக் கொல்கிறது. நான் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த ஆய்வகம், அதன் பிழைப்பே மின்வேதியியல், அதாவது பேட்டரியும் துருவும். அதனால் இந்த இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டார் சில நொடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது டைனமோ குறைவாகத்தான் கொடுக்கும், அதிலும் ஒரு பங்கு ஹீட்டர் பிளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எடுத்தது திரும்பி வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்று ஏறும், வரவு குறையும்.

இன்ஜினுக்கும் அது நல்லதில்லை. எரிபொருள் எரிந்தால் தண்ணீர் ஆவி உண்டாகும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால்தான் அது வெளியேறும். ஐந்து நிமிஷத்தில் அணைத்தால் அந்தத் தண்ணீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அதுதான் இது. சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழுவதும் இதனால்தான்.

வண்டியைத் தொடாமல் விட்டால்? சாவியை எடுத்த பிறகும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், ஸ்டீரியோ எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாதத்துக்குள் முழுக்கக் காலி. நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாகவே சார்ஜ் இழப்பதும் வேகமாக நடக்கும், அது தனி.

காலியான பேட்டரி அப்படியே நிற்பதுதான் பெரிய ஆபத்து. தட்டுகளில் படியும் லெட் சல்பேட் முதலில் மென்மையாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகிவிடும், அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் மசியாது. ஆச்சி வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு பேட்டரி போவது இதனால்தான்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், அது முழுச் சார்ஜ். 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வடிந்துவிட்டது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் முழுச் சார்ஜ் செய்துவிட்டு நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

கோட்டையூர் ஆச்சி

அப்படியானால் எத்தனை நிமிஷம் ஓட்ட வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

சிக்ரி ஓய்வு

நிறுத்தி வைத்து முறுக்க வேண்டாம் ஆச்சி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம், சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். கோட்டையூரிலிருந்து திருமயம் கோட்டை வரை போய்த் திரும்பினால் தாராளம். ஏசியைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசர் ஓடினால்தான் அதன் ஆயில் சுற்றிவரும், சீல் காயாமல் இருக்கும். கேஸ் லீக் ஆகிறது என்று வருடா வருடம் நிரப்புகிறவர்களில் பாதிப் பேர் வண்டியில் காய்ந்த சீல்தான் இருக்கும்.

ஆத்தங்குடிக்காரன்

பின் சக்கரம் இறுகியதற்கு என் ஓட்டு ஹேண்ட் பிரேக் பக்கம். ஹேண்ட் பிரேக் இழுத்தபடி மாதக்கணக்கில் விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதுவும் வண்டியைக் கழுவிய ஈரத்தோடு உள்ளே விட்டால் நிச்சயம். கிளம்பும் நாளில் கழுவிவிட்டு நிறுத்துவது எல்லார் வீட்டிலும் இருக்கும் பழக்கம். கழுவினால் பத்து நிமிஷம் தெருவில் ஓட்டி, பிரேக் அடித்துக் காயவைத்து, பிறகு உள்ளே விடுங்கள். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

இன்னொன்று, பிரேக் ஆயில். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். இல்லாவிட்டால் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துப் பிஸ்டன் நகராது.

டயர் விஷயத்தில் பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டி, வெடிப்பும் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஊருக்குள் ஐம்பதில் போகும்போது ஒன்றும் ஆகாது. மேலூர் பக்கம் நாலு வழிச் சாலையில் மே மாத வெயிலில் குடும்பத்தோடு நூறில் போகும்போதுதான் அது வேலையைக் காட்டும். வெடிப்பு விட்ட டயரில் அப்பத்தாவை ஏற்றாதீர்கள்.

பழைய அம்பாசடர் (தேவகோட்டை)

இத்தனை பேட்டரி, வோல்ட், மில்லி ஆம்பியர்! எங்கள் அம்பாசடர் 1.8 இசுசு பெட்ரோல், இன்றைக்கும் சேற்றிலும் மேட்டிலும் ஓடுகிறது. ஆறு மாதம் நின்றாலும் பேட்டரி முனையை மாட்டி, கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் ஏறும் வரை நாலு சுற்று சுற்றினால் கிளம்பிவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் சாமானுக்கு இதுவரை தவித்ததில்லை. இல்லாததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்கலாம், அங்கேயும் இல்லாததைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

ரேடியேட்டருக்கு ஊருணித் தண்ணீர் மட்டும்தான். போர் தண்ணீரைத் தொடவே மாட்டோம். அப்பச்சி காலத்துப் பழக்கம். கூலன்ட் எல்லாம் கடைக்காரன் வியாபாரம்.

பட்டறைக்காரன்

அண்ணே, பாதி சரி. போர் தண்ணீர் ஊற்றின ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஊருணித் தண்ணீர் மழைத் தண்ணீர், உப்பு குறைவு, படியாது. உங்கள் வண்டியின் பழைய காலத்து இன்ஜினுக்கு ஏதோ ஓடிவிட்டது. ஸ்விஃப்டுக்கு அதைச் சொல்லிவிடாதீர்கள்.

சிக்ரி ஓய்வு

தம்பி சொன்னதற்குக் காரணம்: ஸ்விஃப்ட் டீசல் இன்ஜினில் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம், பிளாக் இரும்பு. இரண்டு உலோகத்துக்கு நடுவே வெறும் தண்ணீர் இருந்தால் அலுமினியத்தை அரிக்கும். ஊருணித் தண்ணீராக இருந்தாலும் அரிக்கும், மெதுவாக அரிக்கும், அவ்வளவுதான். கூலன்டில் கொதிநிலையை ஏற்றும் கிளைக்கால் என்ற திரவம் தவிர அரிப்பைத் தடுக்கும் சேர்மானமும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். அந்தச் சேர்மானம் வருடங்கள் போகப் போகத் தீர்ந்துவிடும். அதனால் பச்சை நிறம் அப்படியே இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கும் என்று விட முடியாது.

கலந்து விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். அடர்த்தியாக வாங்கினால் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோடு வேண்டாம்.

அம்பாசடர் அண்ணன் சேற்றிலும் மேட்டிலும் என்கிறார், தேவகோட்டையில் மேடு எங்கே இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

தேவகோட்டை ரஸ்தா

இன்னோவா 2.5 டீசல், டூரிஸ்ட் வண்டி. நாலு லட்சம் தாண்டிவிட்டது. இன்ஜினைப் பிரித்ததே இல்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று நாள் முழுக்க ஓடும், ராத்திரி மதுரை ஏர்போர்ட்டில் போய் நிற்கும். கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பிரேக் பேட், இவை தேயும், மாற்றுவேன். டைமிங் பெல்ட்டுக்கு டேஷ்போர்டில் விளக்கு எரியும், எரிந்த வாரமே மாற்றிவிடுவேன். ஆயிலில் ஒரு நாள்கூடக் கஞ்சத்தனம் செய்ததில்லை.

எங்கள் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் லட்சக் கணக்கில் ஓடியவைதான். செல்ஃப் மோட்டார் அடித்து, பேட்டரி இறங்கி ஷெட்டில் நின்ற வண்டி ஒன்றுகூட இல்லை. ஓடும் வண்டி எங்கே தேய்கிறது என்று ஓட்டுகிறவனுக்குக் காதிலேயே தெரியும். ஷெட்டில் நிற்கிற வண்டி கெடுவது யாருக்கும் தெரியாது. உங்கள் ஆக்டிங் டிரைவருக்கு மாதம் இரண்டு முறை காசு கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், தீர்ந்தது.

சிங்கைச் செட்டிநாட்டான் (சிங்கப்பூர்)

எல்லாரும் எப்படி வைத்துக்கொள்வது என்றே பேசுகிறீர்கள். ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கிறேன். எங்கள் பள்ளத்தூர் வீட்டில் இருந்த வண்டியை விற்றுவிட்டோம். இன்சூரன்ஸ், வருட சர்வீஸ், சில வருடத்துக்கு ஒரு பேட்டரி, ஆறு வருடத்துக்கு நாலு டயர், நடுவில் எலி வேலை, டிரைவர் காசு, எல்லாவற்றையும் வருடத்துக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். அந்தக் காசில் ஊருக்குப் போகும் நாள் முழுக்க ரஸ்தா அண்ணன் இன்னோவாவையே வைத்துக்கொண்டு சுற்றலாம். மிச்சமும் இருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் எதையும் விற்க மனசு வராது. ஐயா உட்கார்ந்த நாற்காலி, ஆயாவின் பர்மாத் தேக்குப் பெட்டி, அந்த வரிசையில் இப்போது கார். நாற்காலிக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டாம், அதுதான் வித்தியாசம்.

கோட்டையூர் ஆச்சி

தம்பி சிங்கப்பூரில் இருந்து சொல்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றால் காரைக்குடியில் டாக்சிக்காரனை எழுப்பி, அவன் சட்டை மாட்டிக் கிளம்பி வரும் வரை யார் காத்திருப்பது? எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. டிரைவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறான், வண்டி வீட்டில் இருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் தனியாக இருக்கிறேன்.

சிங்கைச் செட்டிநாட்டான்

ஆச்சி சொல்வது நியாயம். ஆள் இருக்கும் வீட்டுக்கு என் கணக்கு பொருந்தாது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சொன்னேன். ஆனால் அந்தத் தைரியத்துக்காகவே வண்டி என்றால், இரண்டு மணிக்குச் சாவி திருகியதும் கிளம்ப வேண்டுமே. ஐந்து நிமிஷப் பழக்கத்தை ஆச்சி நிறுத்தியாக வேண்டும்.

கானாடுகாத்தான் பேரன்

எங்கள் வீட்டிலும் ஆச்சி சொன்ன நிலைதான். அப்பத்தா இருக்கும் வரை வண்டி இருக்கும், அதில் பேச்சில்லை. கேள்வி எது என்பது இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது: இதே வண்டியா, வேறு வண்டியா? ஸ்விஃப்ட் உயரம் குறைவு, அப்பத்தா ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். கொஞ்சம் உயரமான புது டீசல் எடுக்கலாமா என்று தம்பி கேட்கிறான்.

பட்டறைக்காரன்

அண்ணே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏப்ரல் 2020இலிருந்து வரும் பி.எஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் சைலன்சர் பக்கம் டி.பி.எஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்து, நீண்ட ஓட்டத்தில் சூடேறும்போது அதுவே எரித்துக்கொள்ளும். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி ஆஸ்பத்திரி, திரும்ப வீடு என்று ஓட்டினால் எரிக்கவே நேரம் கிடைக்காது. விளக்கு எரியும், பவர் குறையும், அப்புறம் கம்ப்யூட்டர் மாட்டிச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், அதற்கும் மீறினால் மாற்றச் சொல்வார்கள், அந்த விலையை இங்கே எழுத வேண்டாம். தினமும் ஹைவேயில் ஓடுகிறவனுக்கு டீசல். நிற்கிற வண்டிக்குப் பெட்ரோல். மாற்றுவதென்றால் சின்னப் பெட்ரோல் வண்டி, சீட் உயரமாக.

நாச்சியாபுரம் ஐ10

பெட்ரோல் என்றதும் கேட்கத் தோன்றியது. 2010 ஐ10, இதுவும் பெரும்பாலும் ஷெட்டில்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நிறுத்தி வைத்தால் டேங்க் கெட்டுவிடும் என்கிறார்கள். டேங்க்கை நிரப்பி நிறுத்துவதா, காலியாக நிறுத்துவதா?

சிக்ரி ஓய்வு

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அதைக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஏப்ரல் 2023க்குப் பிறகு வந்த வண்டிகளில் ரப்பர் பாகங்கள் இதற்கு ஏற்றபடி வருகின்றன. 2010 வண்டியில் ஃப்யூயல் ஹோஸ், ஓ ரிங் இரண்டையும் வருடம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஓட்டாதீர்கள்.

டேங்க்கை நிரப்பி நிறுத்துவது என் கட்சி. காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரக் காற்றும் குறைவு.

பட்டறைக்காரன்

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் நான் எதிர்க்கட்சி. நிரப்பி நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வந்தால் முப்பது லிட்டர் பழைய பெட்ரோல், ஊற்றிக் கொட்டவும் மனசு வராது. ரிசர்வுக்கு மேல் கொஞ்சம் வைத்து நிறுத்துங்கள், வந்ததும் புதுசு நிரப்புங்கள். இரண்டு மாதத்துக்குள் திரும்பி வருவேன் என்றால் ஐயா சொன்ன மாதிரி நிரப்பலாம்.

ஐ10 அண்ணனுக்கு இன்னொரு கேள்வி. உங்களது 1.1 இன்ஜினா, 1.2 கப்பாவா? கப்பா என்றால் செயின், கவலை இல்லை. 1.1 என்றால் டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட்டுக்கு வயது ஒரு கணக்கு, கிலோமீட்டர் ஒரு கணக்கு. இத்தனை வருடத்தில் மாற்றவில்லை என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

நாச்சியாபுரம் ஐ10

1.1தான். மாற்றியதாக ரசீது எதுவும் இல்லை. நாளைக்கே கொண்டுவருகிறேன்.

புதுவயல் ஃபிகோ

ஆயுள் என்று பேசும்போது கம்பெனியின் ஆயுளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முன்பே 2017 முடிவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்திக்கொண்டது. என் ஃபிகோ டீசல் நன்றாகத்தான் ஓடுகிறது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் சிரமம் இல்லாமல் கிடைக்கிறது. பம்பர், ஹெட்லைட், கதவு பீடிங் மாதிரி வெளிச் சாமான்தான் காத்திருந்து வாங்க வேண்டியிருக்கிறது. இடித்துக்கொள்ளாமல் ஓட்டப் பழகிவிட்டேன்!

இதில் வேடிக்கை, ஃபியட் கார் வைத்திருக்கும் என் நண்பருக்கு இன்ஜின் சாமான் எளிதாகக் கிடைக்கிறது. காரணம், பேரன் அண்ணனின் ஸ்விஃப்டில் இருப்பதும் ஃபியட் உருவாக்கிய அதே 1248 சிசி மல்டிஜெட்தான், டாட்டா வண்டிகளிலும் வந்திருக்கிறது. லட்சக் கணக்கில் தெருவில் ஓடும் இன்ஜின் என்பதால் அதன் சாமான் இப்போதைக்குத் தீராது. ஸ்விஃப்டை வைத்துக்கொள்ள இது ஒரு நல்ல காரணம்.

ஆத்தங்குடிக்காரன்

எலிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. புகையிலைக் காம்பை மெல்லிய துணியில் கட்டி பேட்டரி பக்கம் தொங்கவிடுவேன், சில மாதத்துக்கு வாடை நிற்கும். சூடாகும் பாகத்தில் படாமல் கட்ட வேண்டும், எடுக்கும் முன் கழற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து நிறுத்துவது இன்னும் நல்லது, இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்டாது. ஷெட்டில் நெல் மூட்டை, மாட்டுத் தீவனம் வைத்திருந்தால் இது எதுவும் பலிக்காது, முதலில் மூட்டையை எடுங்கள்.

மயில் வேறு. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துக் கொத்தும். சைடு மிரரை மடக்கித் துணி கட்டிவிடுவோம்.

கானாடுகாத்தான் பேரன்

ஷெட்டில் இரண்டு மூட்டை தவிடு இருக்கிறது. புரிந்தது.

ஸ்விஃப்ட் இருக்கட்டும் என்று அப்பாவிடம் பேசிவிட்டேன். இந்தத் தடவை ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டீசல் ஃபில்டர், நாலு டயர் மொத்தமாகச் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். டிரைவரிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திருமயம் வரை என்று பேசியாயிற்று, அப்பத்தாவும் கூடவே போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவாராம். முன் சீட்டுக்கு உயரமான மெத்தை ஒன்று தைக்கக் கொடுக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, இன்சூரன்ஸ். வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது, மூன்றாம் நபர் மட்டும் போதும் என்கிறார் அப்பா. இரண்டு, 2027இல் எஃப்.சி வருகிறது. என்ன செலவாகும்?

தேவகோட்டை ரஸ்தா

எஃப்.சிக்கு நான் சொல்கிறேன். முடிவதற்கு 60 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். சொந்தக் காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், அதற்கு முன் 600தான் இருந்தது. பசுமை வரி தனி. தவறவிட்டால் மாதத்துக்கு 500 அபராதம் ஏறும், ஊரில் நிற்கிற வண்டிக்கு இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், மூன்று வருடம் கழித்து விற்கப் போகும்போது தலையில் கை வைக்கிறார்கள். புகைச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பிரேக், நம்பர் பிளேட் பார்ப்பார்கள். டிங்கரிங், பெயின்ட் வேலை இருந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். இருபது வருடம் தாண்டினால் கட்டணம் 10,000, அது 2025 ஆகஸ்டில் வந்த மாற்றம். அம்பாசடர் அண்ணன் கவனிக்க.

புதுவயல் ஃபிகோ

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் மட்டும் எடுத்தால் ஷெட்டில் தீப்பிடித்தாலும் வண்டி திருடு போனாலும் ஒரு காசு வராது. பதின்மூன்று வருடம் தாண்டிய ஸ்விஃப்டுக்கு ஐ.டி.வி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, குறைவாகத்தான் போடுவார்கள், அதனால் முழு பாலிசிக்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதுவரை கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் 50 சதவீதம் என்.சி.பி, அதாவது கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி, இருக்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். தேதியைச் சென்னைக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஊரில் கடிதம் வந்தாலும் யாரும் பிரிப்பதில்லை.

பழைய அம்பாசடர்

10,000ஆ? போன தடவை எஃப்.சி காட்டியபோது இவ்வளவு இல்லையே. ரஸ்தா அண்ணே, காரைக்குடி ஆபீசில் எந்த நாள் வண்டி பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், எனக்கும் அடுத்த வருடம் வருகிறது.

தேவகோட்டை ரஸ்தா

ஆன்லைனில் நாள் எடுத்துக்கொண்டு போக வேண்டும் அண்ணே. உங்கள் ஆர்.சியைப் பார்த்து முடியும் தேதியைச் சொல்லுங்கள், என் பையனிடம் பதிவு போடச் சொல்கிறேன். ஹாரன் வேலை செய்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.